இறுகிய பிஸ்டன் இளகியது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது எவ்வளவு விரிவடையும், அந்த அளவு எதற்கு உதவும் என்று பார்க்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் எங்களுக்குக் கிடைத்தது. கிடைக்கச் செய்தது எங்கள் தாத்தாவின் 1974-ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிள்.

'எங்களுக்கு' என்றால் அக்காள் தங்கை இருவருக்கும். தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கை நடுக்கம் காரணமாக ஸ்பானரைப் பிடிக்க இயலாது. ஆகவே அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்வதும், நாங்கள் செய்வதும், மாலையில் அப்பா வந்து கனமான வேலைகளுக்குக் கை கொடுப்பதும் என்று ஏற்பாடாயிற்று.

வண்டி பல ஆண்டுகளாக ஓடவில்லை. கொட்டகைக் கூரை ஒழுகியது யாருக்கும் தெரியாது. விடுமுறையின் முதல் வாரம் அதை வெளியே தள்ளி, கிக்கரை மிதித்தால், பாறையின் மேல் ஏறி நிற்பது போல் இருந்தது. அசையவில்லை. தெருமுனைப் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு, ஐயா. எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி வாங்குங்க" என்று தாத்தாவின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு தாத்தா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டு, "பிளக் ஸ்பானர் எங்கே இருக்குன்னு பாருங்கம்மா" என்றார்.

முதலில், எது இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிளட்ச் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை மிதிக்கச் சொன்னார். அது வழுக்கென்று இறங்கியது. அப்படியானால் கிக்கரில் பழுதில்லை. கிளட்சை விட்டால் மறுபடியும் பாறை. டீகம்ப்ரஷர் என்றொரு சிறு பிடி பழைய புல்லட்டில் உண்டு. அதை அழுத்தினால் சிலிண்டரில் உள்ள காற்று வெளியேறிவிடும், மிதிப்பது எளிதாகும். அதை அழுத்தியும் பயனில்லை. எனவே காற்றின் அழுத்தமும் காரணமில்லை. பிஸ்டனே சிலிண்டரைப் பற்றிக்கொண்டுவிட்டது.

இங்கே பிஸ்டனைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மருத்துவர் ஊசி போடும் குழாயை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிக்குழாய்தான் சிலிண்டர். உள்ளே மேலும் கீழும் போய்வரும் தண்டுதான் பிஸ்டன். இந்த வண்டியின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள், 346 கன சென்டிமீட்டர் வரும். 350 சி.சி. என்று சொல்கிறார்களே, அது இதுதான். சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் அலுமினியக் கலவை. பிஸ்டனின் இடுப்பைச் சுற்றிக் காடிகளில் வார்ப்பிரும்பு வளையங்கள் இருக்கும். ரிங் என்பார்கள். காற்றும் எண்ணெயும் கசியாமல் அடைப்பவை அவை.

வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே போய்விடும். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அப்படி வீங்க இடம் ஏது? ஆகவே ஆப்பு அடித்தது போல் இறுகிவிடுகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். அதன் மேலும் வெள்ளையாக ஒரு மாவு படர்ந்து நிலைமையை மோசமாக்குகிறது.

பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இலேசான மிஷின் எண்ணெயும் சரிபாதியாகக் கலந்து, அந்தத் துளை வழியே ஊற்றினோம். காலையும் மாலையும் ஊற்றி ஏழு நாள் காத்திருந்தோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அந்த நுண்புழை விசையால்தான் துருவின் இடுக்குகளிலும் எண்ணெய் நுழைகிறது. ஆனால் அது மெதுவாகத்தான் நுழையும். மூன்றாம் நாளே எங்களில் இளையவள் பொறுமை இழந்து, கிக்கரின் மேல் ஏறிக் குதித்துவிட்டாள். தாத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். கிக்கரின் பற்சக்கரங்கள் உடைந்தால் பிஸ்டனோடு கியர்ப் பெட்டிக்கும் சேர்த்துச் செலவு என்று பிறகு விளக்கினார். இறுகிய இன்ஜினை மிதித்து விடுவிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு என்பது அவர் கருத்து.

எட்டாம் நாள் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரைப் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். நாங்கள் முதல் கியரைப் போட்டோம். மேடேறும்போது முதல் கியருக்குத்தானே வலிமை அதிகம்! தாத்தா சிரித்தார். "இன்ஜின் சக்கரத்தைச் சுத்தும்போது அது சரி. இப்போ சக்கரம் இன்ஜினைச் சுத்தணும். தலைகீழாப் பாரு" என்றார். யோசித்தால் விளங்கியது. முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமானால் இன்ஜின் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். நான்காம் கியரில் சில சுற்றுகளே போதும். சுற்றுகள் குறையக் குறைய, நம் கையின் விசை இன்ஜினுக்கு அதிகமாகப் போய்ச் சேரும். நெம்புகோல் தத்துவம்தான். நான்காம் கியரில் அரை மணி நேரம் ஆட்டினோம். எங்கள் கைகள் சிவந்தன, பிஸ்டன் அசையவில்லை.

இனி ஹெட்டைத் திறப்பதைத் தவிர வழியில்லை. பெட்ரோல் டாங்க், கார்புரேட்டர், சைலன்சர் குழாய், ராக்கர் மூடிகள், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் கழற்றினோம். வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் இரண்டையும் எது எதனுடையது என்று நூல் கட்டி அடையாளம் வைத்தோம். ஒவ்வொரு நட்டும் ஒரு பழைய இட்டிலித் தட்டின் ஒவ்வொரு குழிக்குப் போயிற்று. (அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.) ஹெட்டின் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. எதிரெதிர் மூலைகளாகக் கால் திருகு, கால் திருகாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் கோணிக்கொள்ளும். கடைசியில் இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பத் தோன்றும். அதுவும் கூடாது. அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு காற்று கசியும். பக்கவாட்டில் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியதும் ஹெட் தானாகவே விட்டுக்கொடுத்தது.

உள்ளே எட்டிப் பார்த்தோம். பிஸ்டன் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே நின்றிருந்தது. அதற்கு மேலே சுவர் முழுவதும் செந்நிறத் துரு. பார்த்ததும் எங்களுக்கு மனம் சோர்ந்துவிட்டது. தாத்தாவோ, "நல்ல இடத்துலதான் நிக்குது" என்றார். பிஸ்டன் உச்சியில் நின்றிருந்தால் கனெக்டிங் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அப்போது மேலிருந்து எவ்வளவு தட்டினாலும் கிராங்க் சுழலாது. விசையெல்லாம் பேரிங்கைத்தான் கெடுக்கும். இப்போது ராடு சாய்ந்து நிற்பதால் தள்ளினால் சுழலும். இன்னொன்று, மேலே துரு. கீழேயோ எண்ணெய் பட்ட சுத்தமான சுவர். எனவே முதலில் கீழ்நோக்கித்தான் தள்ள வேண்டும். ஆயினும் மேலேயுள்ள துருவையும் நயமான எமெரித் தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டோம்.

அப்பாதான் சூடுபடுத்தலாம் என்றார். ஊது விளக்கைக் கொண்டுவரவும் கிளம்பிவிட்டார். மண்ணெண்ணெய் ஊறிய இன்ஜினுக்குப் பக்கத்தில் தீயா என்று தாத்தா தடுத்தார். நாங்களோ இயற்பியல் புத்தகத்தை எடுத்துவந்து கணக்குப் போட்டோம். ஒரு பாகை வெப்பம் ஏறினால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 பங்குதான். 70 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 60 பாகை ஏற்றினால் பிஸ்டன் 0.097 மில்லிமீட்டர் விரியும். சிலிண்டர் 0.046 மட்டுமே. அதாவது இரண்டையும் ஒன்றாகச் சூடாக்கினால் பிஸ்டன் இன்னும் இறுகும்! கணக்கைச் சரிபார்த்து மூன்று முறை போட்டோம். விடை மாறவில்லை.

அப்படியானால் சூடு பயன்படாதா? பயன்படும், இரண்டு வகையில். வெளியிலிருந்து விரைவாகச் சூடாக்கினால் சிலிண்டர் முதலில் விரிகிறது. பிஸ்டனுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. பிறகு ஆறவிடும்போது பிஸ்டன்தான் அதிகம் சுருங்குகிறது. தலைமயிரின் பருமனுக்கும் குறைவான அசைவுதான். ஆனால் துருவின் பிடியில் விரிசல் விழ அது போதும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும்.

தீக்குப் பதிலாகக் கொதிநீர். புஷ் ராடுகள் போகும் வழியைத் துணியால் இறுக அடைத்து, சிலிண்டரின் வாயை மூடி, வெளியே கோணிச் சாக்கைக் கிழித்துச் சுற்றி, கொதிநீரை ஊற்றினோம். ஆறவிட்டோம். உள்ளே எண்ணெய் விட்டோம். மறுபடியும் கொதிநீர். மூன்று மாலைகள் இதுவே வேலை. நீர் ஊற்றும் வேலையை அப்பா எங்களிடம் விடவில்லை, அதுவும் சரிதான்.

நான்காம் மாலை உலக்கை வந்தது. பாட்டியின் முறிந்துபோன பழைய உலக்கையில் ஒரு முழம் அறுத்து, முனையைத் தட்டையாக இழைத்து, சிலிண்டருக்குள் தாராளமாக நுழையும்படி செய்திருந்தார் அப்பா. இரும்பால் தட்டினால் அலுமினியம் பள்ளமாகும். மரமானால் விசையைப் பரப்பிக் கொடுக்கும். கட்டையைப் பிஸ்டனின் நடுவே நிறுத்தி, கொட்டாப்புளியால் ஒரே சீராகத் தட்டினோம். ஓங்கி அடிக்கவில்லை. தட்டுவது ஒருத்தி, நான்காம் கியரில் பின்சக்கரத்தைப் பிடித்து அழுத்துவது மற்றொருத்தி. இருபதாவது தட்டோ முப்பதாவது தட்டோ நினைவில்லை, 'டக்' என்று ஒரு ஓசை. கட்டை ஒரு நூலளவு இறங்கியிருந்தது. பின்சக்கரம் கைக்குள் இலேசாக நகர்ந்தது. நாங்கள் கத்திய கத்தலில் தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கைத்தடி இல்லாமல்!

ஆனால் அங்கே அவசரப்படக் கூடாது. இறங்கிய அளவு மறுபடி பின்னுக்கு, கொஞ்சம் எண்ணெய், மறுபடி முன்னுக்கு என்று ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டினோம். இருட்டுவதற்குள் பிஸ்டன் முழுச் சுற்றும் சுற்றி வந்தது.

மறுநாள் சிலிண்டரைத் தூக்கி எடுத்தோம். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசியின் இரு முனையிலும் சர்க்கிளிப் என்னும் மெல்லிய கம்பி வளையங்கள் இருக்கும். அது கிராங்க் அறைக்குள் விழாமல் இருக்க வாயைத் துணியால் அடைக்கச் சொல்லியிருந்தார் தாத்தா. அடைத்தோம். அப்படியும் ஒரு வளையம் தெறித்து எங்கோ பறந்தது. ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் இளையவளின் பாவாடை மடிப்பில் கண்டெடுத்தோம். பழைய சர்க்கிளிப்பை மீண்டும் போடவே கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்று அதற்குப் பிறகே தாத்தா சொன்னார்.

ரிங்குகள் மூன்றும் காடிகளில் ஒட்டிக்கிடந்தன. எடுக்கும்போது இரண்டு உடைந்தன. சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள் இருந்தன. அதை நாங்கள் வீட்டில் சரிசெய்ய இயலாது. லேத் பட்டறையில் கொடுத்து உட்புறத்தைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கினோம். செலவைக் கேட்டு அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கொடுத்துவிட்டார். திரும்பப் பூட்டுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. நாங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி இன்ஜின் எண்ணெயோடு கலந்திருக்கும். ஆகவே பழைய எண்ணெயை முழுதும் வடித்துப் புதிது ஊற்றினோம். இதை மறந்தால் நீர்த்துப்போன எண்ணெயில் ஓடிப் புதிய பிஸ்டனும் இறுகிவிடும்.

இது போன்ற வேலையில் இறங்கும் தோழியருக்கு ஒரு வார்த்தை. பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், தாவணியை இழுத்துச் செருகுங்கள், சங்கிலி சுற்றும்போது விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போக இரண்டு வாரம் ஆகும். பள்ளி திறந்த முதல் நாள் எங்கள் கைகளைப் பார்த்த வகுப்பாசிரியைக்கு நாங்கள் இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிறு மாலை டீகம்ப்ரஷரை அழுத்திப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் விட்டு, அப்பா மிதித்தார். ஐந்தாவது மிதியில் ஒரு முறை இருமியது. ஏழாவதில் பிடித்துக்கொண்டது. அந்த 'டக் டக்' ஓசை கேட்டுத் தெருப்பிள்ளைகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தாத்தா காதைச் சாய்த்து வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பாராட்டப் போகிறார் என்று அருகில் போய் நின்றோம்.

"டாப்பெட் கொஞ்சம் தட்டுது. நாளைக்குக் காலையில திறந்து பாருங்கம்மா" என்றார்.