இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்

பெரிய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிடுகிறது. வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தச் சமயத்தில், நோயாளியைப் புரட்டிப் பார்த்த நர்ஸின் முகம் மாறுகிறது. முதுகெலும்பு முடியும் இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு நிறம் மாறிய ஒரு தடம். படுக்கைப் புண் தலைகாட்டிவிட்டது!

தூங்குகிறவன்கூடத் தன்னையறியாமல் புரண்டு படுக்கிறான். நினைவிழந்து கிடப்பவனுக்கு அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் செத்துப்போகிறது. பல சமயம் சேதம் உள்ளே, எலும்பை ஒட்டிய தசையில்தான் ஆரம்பமாகிறது.

முதல் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களைப் படுக்கைப் புண்ணிலும் மூத்திரப் பையிலும் பற்றிய கிருமிகள் கொன்றன.

1944 பிப்ரவரியில், இத்தகையவர்களுக்கென்றே இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் டாக்டர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் வெளியேறிய யூத வைத்தியர். அவர் அதிசய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. உடம்பை இறுக்கியிருந்த மாவுக்கட்டுகளைக் கழற்றச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும், ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். சொன்னபடி நடக்கிறதா என்று ராத்திரியில் தாமே வந்து பார்த்தார்.

புண்கள் ஆறின. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அந்த ஆஸ்பத்திரியில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களுக்கு அதுவே வித்து.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காற்று மெத்தைகள் வந்துவிட்டன. ஆனாலும் புண் ஒழிந்தபாடில்லை. ரத்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் மருந்தே தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடக்கூடும். சுவாசக் குழாயும் முகமூடியும் மூக்கையும் காதையும் அழுத்திப் புண்ணாக்குகின்றன. 2020-இல் கோவிட் நோயாளிகள் பலரைக் குப்புறப் படுக்கவைத்தபோது முகத்திலேயே புண் வந்தது.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் முதல் படி. அங்கே தேய்த்துவிடுவது ஆபத்து. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, வலி, இறுக்கம் இவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

எத்தனை மணிக்கு ஒரு தரம் திருப்புவது என்பதை இப்போது நோயாளியின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் நடுநிசியிலும் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில், வெற்றிகரமான ஆபரேஷனும் வீண்தான்.