சொரசொரப்பும் நல்லதுதான்!

லேத்தில் ஃபினிஷ் சரியில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? வழவழப்புதான் உசத்தி என்று நானும் நம்பியவன்தான்.

சர்க்கரைக்காரரான அப்பாவுக்குத் தாடையில் டைட்டானியம் ஸ்க்ரூ வைத்துப் பல் கட்ட வேண்டியிருந்தது. ஆறுமா, ஆடிப்போகுமா என்று வீட்டில் ஒரே பயம். டாக்டர் காட்டிய மாதிரி ஸ்க்ரூவோ மங்கலாக, சொரசொரவென்று இருந்தது! "இது எப்படி சார் பாஸாச்சு?" என்று கேட்டே விட்டேன். சிரித்தபடி விளக்கினார்.

டைட்டானியத்தோடு எலும்பு இணைவதை 1952-ல் ஸ்வீடனின் பிரனெமார்க் முயல் எலும்பில் கவனித்தார். 1965-ல் மனிதத் தாடையில் பொருத்தினார். ஸ்க்ரூ இறங்கியதும் முதலில் அதைத் தொடுவது ரத்தம். அது உறைந்து ஃபைப்ரின் என்னும் நூல்வலை உண்டாகிறது. எலும்பு செல்கள் அந்த நூலைப் பிடித்துத்தான் ஸ்க்ரூவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. உறைந்த ரத்தம் சுருங்கும்போது வழவழப்பான பரப்பிலிருந்து வலை பிய்ந்துவிடலாம். சொரசொரப்பில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே துகள்களை வீசியடித்து, ஆசிட்டில் அரித்தெடுக்கிறார்கள். கரடுமுரடு சராசரியாக 1 முதல் 2 மைக்ரான் இருந்தால் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. ரொம்பவும் அதிகமானால் கிருமி தங்க வசதியாகிவிடும்.

சில மாதம் பொறுத்தோம். அப்பா இப்போது முறுக்கு கடிக்கிறார்!

இனி டிராயிங்கில் சர்ஃபேஸ் ஃபினிஷ் குறி போடுமுன், எந்த வேலைக்கு என்று ஒரு நிமிஷம் யோசிப்போமா?