துரோகம் என்னும் சொல்



நாள்தோறும் நம் செவியில் விழும் சொற்களுள் ‘துரோகம்’ என்பதும் ஒன்று. பாகப் பிரிவினையில் உடன்பிறந்தார் மாறுபட்டாலும் துரோகம் என்கின்றோம். கேட்ட கடனை நண்பர் கொடாது மறுத்தாலும் துரோகம் என்கின்றோம். இத்துணை எளிதாக வழங்கப்படும் அச்சொல் எச்செயலுக்கு உரியது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

துரோகம் வடசொல், தீங்கு நினைத்தல், பகைத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. தமிழில் ‘இரண்டகம்’ என்பர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே என்பது வீடுதோறும் வழங்கும் பழமொழி. இரண்டு அகம், அதாவது இரண்டு உள்ளம் எனப் பிரித்துப் பொருள் காணலாம். வடசொல் தீங்கைச் சுட்ட, தமிழ்ச்சொல் அத்தீங்கு பிறக்கும் இடத்தையே காட்டிவிடுகின்றது.

பகைவன் செய்யும் தீங்கு துரோகம் ஆகாது. அவனை நாம் நம்பவில்லை. ஆதலின் அவன் முறிப்பதற்கு நம்பிக்கை ஏதும் இல்லை. நம்பிக்கை உள்ள இடத்திலேதான் துரோகம் நிகழ இயலும். பகைமாட்சி, உட்பகை, கூடாநட்பு எனத் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை இவ்வேறுபாடு கருதியே எனலாம்.

இதற்குச் சான்றாவது மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. திருக்கோவலூரில் அரசு புரிந்த அவரை முத்தநாதன் போரில் பலமுறை எதிர்த்துத் தோற்றான். அதுவரை அவன் பகைவனே. பின்னர் அவன் திருநீறு அணிந்து, சுவடிக் கட்டினுள் கத்தியை மறைத்து, ஆகமம் உணர்த்த வந்ததாகக் கூறி அரண்மனை புகுந்தான். அவனை மேலிருத்தி, தாம் கீழிருந்து வணங்கினார் நாயனார். வணங்கியவர் மேல் கத்தி பாய்ந்த அந்நொடியிற்றான் பகைவன் துரோகியானான். தன்னைத் தொழச் செய்த நீற்றுக்கே அவன் இரண்டகம் செய்தான்.

அதே நொடியில் தத்தன் என்னும் காவலன் வாளை ஓங்கினான். நாயனார் தடுத்து, அவனைத் தீங்கின்றிக் கொண்டு சென்று விடுமாறு பணித்தார். தத்தனும் சினந்து சூழ்ந்த மக்களை விலக்கி, கொலைஞனை நகர்ப்புறம் வரை காத்துச் சென்று விட்டு மீண்டான். தன் உள்ளம் கொதிக்கவும் தலைவன் சொல்லைக் காத்த அதுவன்றோ விசுவாசம்! துரோகத்தின் எதிர்ச்சொல் யாது என்பார்க்குத் தத்தன் பெயரையே விடையாகக் கூறலாம்.

இனி, தவறுகள் எல்லாம் துரோகமாகா. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுரைத்த சுந்தரர், திருவாரூர் நினைவு மேலிட, அதனைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். தம் தோழர் என்று இறைவன் விலக்களிக்கவில்லை. எனினும் சுந்தரர் தம் பிழையை மறைக்கவில்லை. ஊர்தோறும் இறைவனிடமே முறையிட்டார். கச்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். துரோகி தன் செயலை மறைப்பான். தவறியவன் அதற்கு வருந்துவான்.

ஆட்சியாளரும் இச்சொல்லைத் தம் வசதிக்கேற்ப வளைப்பதுண்டு. ஆங்கில அரசு 1870இல் சேர்த்த 124-அ என்னும் சட்டப் பிரிவு, அரசின்மேல் அன்பின்மையையே குற்றமாக்கியது. அதன்படி 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் கடுந்தண்டனை விதித்தது. அவரை இராசத்துரோகி என்றனர். நாட்டுக்குத் தம் செல்வமெல்லாம் ஈந்த அவர், பிற்காலத்தில் சிவஞானபோதத்திற்கு உரையும் கண்டார். நம்பிக்கை வைத்த மக்களை அவர் கைவிட்டாரல்லர். ஆகவே, துரோகி என ஒருவரைச் சுட்டுமுன், அவர் முறித்தது எவருடைய நம்பிக்கையை என்று வினவுதல் வேண்டும்.

நம் முன்னோர் கல்வெட்டுகளில் இச்சொல்லை அளந்தே வழங்கினர். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றோரைத் துரோகிகள் என்கின்றது. அறக்கட்டளைக்குக் கேடு சூழ்ந்தவரைச் ‘சிவத்துரோகி’ எனக் கடியும் கல்வெட்டுகளும் உள. விளக்கு எரியவென ஒருவர் விட்ட நிலத்தை உழுது உண்டு, அளக்க வேண்டிய நெல்லை அளவாதிருப்பவர் திருக்கோயிலை இடித்தவரல்லர், பகைவரும் அல்லர். நாள்தோறும் நீறணிந்து சந்நிதியில் நிற்பவராகவும் இருக்கலாம். ஆயினும், தமக்குப்பின் விளக்கு எரியும் என நம்பிக் கண்மூடிய ஒருவரின் நம்பிக்கையை அவர் அணைத்துவிடுகின்றார்.

ஆதலின், அன்பர்களே! பிறரைத் துரோகி என்னும் நாவை அடக்குவோம். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை எவை என ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். நெற்றியில் நீறும் நெஞ்சில் வேறும் இல்லாத ஓரகம் உடையராய் வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!