ஒரு காற்புள்ளியும் ஒரு தீர்ப்பும்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இயங்குவது ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம். அதன் பாலைக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்த ஓட்டுநர்கள் சிலர், தங்களுக்கு மிகைநேர ஊதியம் வழங்கப்பெறவில்லை என 2014ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். வாரத்திற்கு 40 மணிக்கு மேற்பட்ட உழைப்பிற்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். ஆயினும், விரைவில் கெடும் உணவுப்பொருள்களைப் பதப்படுத்தல், உலர்த்தல், சேமித்தல் முதலிய பணிகளுக்கு அச்சட்டமே விலக்கு அளித்திருந்தது.

அவ்விலக்குப் பட்டியலின் இறுதித் தொடரே சிக்கலுக்குக் காரணம். ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் அத்தொடரில், ‘ஷிப்மென்ட்’ என்பதற்குப்பின் காற்புள்ளி இல்லை. ‘அனுப்புவதற்காகப் பொதிதல், பகிர்ந்தளித்தல்’ என இரு பணிகளாக அதனைப் பொருள்கொண்டால் ஓட்டுநர்க்கு மிகைநேர ஊதியம் இல்லை. ‘அனுப்புவதற்காகவோ பகிர்ந்தளிப்பதற்காகவோ பொதிதல்’ என ஒரே பணியாகக் கொண்டாலோ, பொதியும் பணியில் ஈடுபடாத ஓட்டுநர் விலக்கினுள் அடங்கார். தமிழில் எழுதும்போது இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்; ஆங்கிலத் தொடரோ இரண்டிற்கும் இடமளித்தது.

வழக்கு இலக்கண வகுப்பாகவே மாறியது எனலாம். பட்டியலின் ஏனைய பணிகள் யாவும் ‘இங்’ என முடியும் தொழிற்பெயர்களாய் இருக்க, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ மட்டும் அவ்வாறு இல்லை; எனவே அது ‘ஷிப்மென்ட்’ என்பதோடு இணைந்தது என்றனர் ஓட்டுநர்கள். பட்டியலின் கடைசி உறுப்பிற்கு முன் காற்புள்ளி இடவேண்டா என மாநிலத்தின் சட்டவரைவுக் கையேடே அறிவுறுத்துவதை நிறுவனம் எடுத்துக்காட்டியது.

கீழமை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச் 13 அன்று முதலாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. சட்டத்தொடர் இருபொருள் தருவதால், ஊதியச் சட்டங்களைத் தொழிலாளர்க்கு நலம் பயக்கும் வகையில் விரித்துப் பொருள்கொள்ளவேண்டும் என்னும் மாநில நெறியின்படி அது முடிவு கண்டது.

அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தம் முடிவுகள் அனைத்தையும் தீர்ப்புத் தொகுதிகளில் வெளியிடுவதில்லை. வெளியிடப்பெறாதவை பொதுவாகப் பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தா. இத்தீர்ப்போ ‘ஃபெடரல் ரிப்போர்ட்டர்’ தொகுதியில் முழுமையாக இடம்பெற்றது. நீதிபதி டேவிட் பாரன் எழுதிய அதில், தோற்ற தரப்பின் வாதங்களும் ஒன்றுவிடாமல் எடைபோடப்பட்டுள்ளன. வென்றவர் யார் என்று மட்டும் அறிவித்திருந்தால், சட்டத்தின் எந்த இடம் பழுதுபட்டது என்பது வெளிப்பட்டிராது.

2018இல் நிறுவனம் 50 இலட்சம் டாலர் வழங்க இணங்கியதால் வழக்கு முடிந்தது. அதற்கு முன்பே மாநிலச் சட்டமன்றம் அப்பட்டியலைத் திருத்திவிட்டது: பணிகளுக்கிடையே அரைப்புள்ளிகள் இடப்பட்டன, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பது ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ ஆயிற்று.