ஈரமும் மின்சாரமும்

“குழாயைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்கிறது, பார்த்துத் திற” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நாள்களைக் கடத்தும் வீடுகள் உண்டு. சிறிதெனத் தோன்றும் அந்தச் ‘சுருக்’, பேராபத்தின் முன்னறிவிப்பாகும். நீரும் மின்சாரமும் மிக நெருங்கி அமையும் இடம் குளியலறை. அங்கு நிற்பவரோ வெறுங்காலும் நனைந்த உடலுமாக நிற்கிறார்.

ஈரம் செய்யும் மாற்றம்

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கும். தோல் நனைந்தால் உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடலாம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஓம் விதிப்படி 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர் கிடைக்கும். இதயத் துடிப்பைச் சீர்குலைக்க இதனினும் குறைந்த மின்னோட்டமே போதும்.

காப்பது எது?

‘வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, அச்சமில்லை’ எனப் பலர் கருதுகின்றனர். கீசருக்குரிய 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கம்பிகள் மிகைச்சுமையால் சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கே அமைந்தது. 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டன்று. மனிதரைக் காப்பவை வேறு இரண்டு.

முதலாவது, புவி இணைப்பு. கீசரின் உலோகக் கூட்டில் கசியும் மின்சாரத்தை அது நிலத்திற்குக் கொண்டுசெல்கிறது. மூன்று முனைச் செருகியில் தடித்து நீண்டிருக்கும் முனை இதற்குரியது. செருகும்போது முதலில் இணைந்து, உருவும்போது இறுதியில் விலகவே அது நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. அம்முனையை நீக்கிப் பயன்படுத்துவது, காவலரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடையறாது ஒப்பிடுகிறது. 30 மில்லிஆம்பியர் அளவுடைய கருவி, அவ்வளவு மின்சாரம் கசிந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆயினும், ஒருவர் இரு மின்கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் அக்கருவி அதனை உணராமற்போகலாம். ஆகவே, கருவி எச்சரிக்கைக்கு மாற்றாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

• சுவிட்சுகள் நீர் தெறிக்காத இடத்தில் அமைதல் வேண்டும். கீசரின் சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருத்தல் நன்று.
• ஈரக்கையால் சுவிட்சைத் தொடுதல் கூடாது.
• வாளியில் இடும் ஹீட்டர் கம்பியின் சுவிட்சை நிறுத்தி, செருகியை உருவிய பின்னரே நீரில் கைவைத்தல் வேண்டும்.
• மின்தாக்குதலுக்கு உள்ளானவரை வெறுங்கையால் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பின்னர் 108ஐ அழைத்தல் வேண்டும்.

குழாயில் ‘சுருக்’கென்று உணர்ந்த அன்றே மின்சாரத்தை நிறுத்தி, தகுதியுடைய மின்பணியாளரை அழைப்பதே அறிவுடைமை. பழகிப்போனது என்பதால் ஆபத்து ஆபத்தில்லாமல் ஆகிவிடுவதில்லை.