ஒரு கணினிப் பகடிக்கு உரை

நகைக்கு உரை வகுப்பின் நகை கெடும் என்பர். ஆயினும், கணினி வல்லார் தம்முள் வழங்கும் பகடிகளுட் சில உரையின்றி நம்மனோர்க்கு விளங்கா. கணினியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைச் செய்நிரல்கள் இயங்க இடங்கொடுப்பது பணிசெயல் முறைமை. எம்முறைமை சிறந்தது என்பது பற்றி அவர் நிகழ்த்தும் வாதம், பண்டைச் சமயவாதத்திற்குச் சிறிதும் இளைத்ததன்று.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தார் 1995இல் வெளியிட்ட விண்டோஸ் 95 என்னும் முறைமைக்கு மாற்றார் கூறிய இலக்கணத்தின் பொருள் இது: அது 32 பிற் போர்வை, போர்த்தியது 16 பிற் ஒட்டினை, ஒட்டு இடப்பட்டது 8 பிற் முறைமைக்கு, அம்முறைமை எழுந்தது 4 பிற் நுண்செயலிக்கு, ஆக்கியோர் 2 பிற் நிறுவனத்தார், அவரோ 1 பிற் போட்டியும் பொறாதவர்.

பிற் என்பது 0 அல்லது 1 ஆகிய மிகச்சிறு தரவு. செயலி ஒருமுறையிற் கையாளும் பிற்றுக்களின் தொகை அதன் ஆற்றலுக்கு ஓர் அளவாம். எண் பாதி பாதியாய்க் குறையுந்தோறும் நாம் பழமையுள் இறங்குகின்றோம். இரண்டிற்கு வந்ததும் பொருள் திரிகின்றது. பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் எட்டிலொரு கூற்றை அமெரிக்கர் 'பிற்' என்றனர். இரண்டு கூறு கால் டொலர். அதனால் அவர் பேச்சில் 'இரண்டு பிற்' என்பது மலிந்தது, இழிந்தது என்னும் வசையாயிற்று. நாம் 'சல்லிக்காசு பெறாத' என்போம். இறுதியில் வரும் ஒன்றோ 'எள்ளளவு' என்னும் பொருட்டு. இச்சிலேடையே பகடியின் உயிர்.

இனி, இது மெய்யோ? விண்டோஸ் 95 பழைய எம்.எஸ்.டொஸ் முறைமையின்மீது ஏறி இயங்கியதும், அதனுள் 16 பிற் பகுதிகள் எஞ்சி நின்றதும் மெய். ஆனால், டொஸ் 8 பிற் முறைமைக்கு இட்ட ஒட்டன்று. ரிம் பற்றர்சன் 1980இல் 16 பிற் செயலிக்கெனவே அதன் முதல்வடிவை எழுதினார். கரி கில்டாலின் 8 பிற் முறைமையாகிய சீ.பீ.எம். என்பதன் வழக்காறுகளை அவர் பின்பற்றினார், அவ்வளவே. கில்டாலும் 8 பிற் செயலிக்கே எழுதினார். ஆகவே 4 என்னும் எண், எதுகை நோக்கிப் புலவர் இடும் சொற்போல வரிசை நிரப்ப வந்ததே. நகைக்கும் மாணவன் இதனை வரலாறெனக் கொள்வானாயின், பற்றர்சன் வெறும் ஒட்டுத் தையற்காரராவார். கில்டாலின் பெயரோ அறவே மறையும்.

ஈற்றடி மாத்திரம் வழக்குமன்றம் ஏறியது. போட்டியை முறைகேடாக ஒடுக்கியதென அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது 1998இல் வழக்கிட்டது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிறுவனத்திற்கு எதிராயிற்று. 2001இல் மேன்முறையீட்டு மன்றம், நிறுவனத்தை இரண்டாகப் பிளக்கும் ஆணையை நீக்கியபோதும், தனியுரிமையை முறைகேடாகக் காத்த குற்றத்தை உறுதிசெய்தது.