தவக்கால நற்செய்திப் பகிர்வு

தவக்கால நற்செய்திப் பகிர்வு என்பது, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் கிறித்தவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, நற்செய்திப் பகுதிகளை வாசித்து, அவற்றின் பொருளைத் தம் வாழ்வோடு இணைத்துச் சிந்திக்கும் வழக்கம் ஆகும். இது மறையுரையிலிருந்து வேறுபட்டது. மறையுரையில் குரு அல்லது போதகர் ஒருவரே விளக்கம் தருவார். பகிர்வில் கூடியிருப்போர் அனைவரும் பேசலாம். இக்கட்டுரை இவ்வழக்கத்தின் பின்னணியையும் முறையையும், தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தையும் முன்வைத்து விளக்குகிறது.

தவக்காலம்

கத்தோலிக்கர் இக்காலத்தைத் தவக்காலம் என்றும், தென்னிந்தியத் திருச்சபை உள்ளிட்ட சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம் என்றும் அழைக்கின்றனர். இது திருநீற்றுப் புதன் அன்று தொடங்குகிறது. இந்நாள் சாம்பல் புதன் என்றும் வழங்கப்படும். திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாட்கள் உள்ளன. அவற்றுள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால் 40 நாட்கள் எஞ்சும். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாட்களை இவ்வெண் நினைவுபடுத்துகிறது.

இறைவேண்டல், நோன்பு, ஈகை ஆகிய மூன்றும் தவக்காலத்தின் முதன்மையான கடமைகளாகக் கருதப்படுகின்றன. கத்தோலிக்க ஊர்களில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை வழிபாடு நடைபெறும். நற்செய்திப் பகிர்வு இவற்றோடு பிற்காலத்தில் இணைந்தது.

வாசக ஒழுங்கு

எந்த நாளில் எப்பகுதியை வாசிப்பது என்பதைக் குழுவினர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1969இல் வெளியிடப்பட்ட வாசக ஒழுங்கின்படி, கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்துள்ளன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா ஆகிய நற்செய்திகள் முதன்மை பெறுகின்றன. 2023 முதலாம் ஆண்டாகவும், 2024 இரண்டாம் ஆண்டாகவும், 2025 மூன்றாம் ஆண்டாகவும் அமைந்தன. யோவான் நற்செய்தி மூன்று ஆண்டுகளிலும் குறிப்பிட்ட ஞாயிறுகளில் வாசிக்கப்படுகிறது.

மூன்று ஆண்டுகளிலும் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று இயேசு சோதிக்கப்பட்ட நிகழ்வும், இரண்டாம் ஞாயிறன்று அவர் மலையில் தோற்றம் மாறிய நிகழ்வும் வாசிக்கப்படுகின்றன. அடுத்த மூன்று ஞாயிறுகளின் வாசகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். முதலாம் ஆண்டில் சமாரியப் பெண் (யோவான் 4), பிறவியிலேயே பார்வையற்றவர் (யோவான் 9), இலாசர் (யோவான் 11) ஆகியோரைப் பற்றிய பகுதிகள் இடம்பெறுகின்றன. குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது.

கரிசல் வட்டாரத்தில் கிறித்தவம்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, இயேசு சபையினரின் மதுரை மறைப்பணித் தளத்தின் பழைய மையங்களுள் ஒன்று. இங்குள்ள பரலோக மாதா ஆலயத்தின் பெருவிழா ஆகஸ்ட் 15 அன்று கொண்டாடப்படுகிறது. இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழகத்திற்கு வந்த தொடக்க ஆண்டுகளில் இவ்வூரில் பணியாற்றினார். இன்று இவ்வட்டாரத்தின் கத்தோலிக்கப் பங்குகள், 1973இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்ட பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

சீர்திருத்தச் சபையினரின் பணி இப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் விரிவடைந்தது. 1854இல் தாமஸ் ராக்லாந்து என்னும் ஆங்கிலேய மறைப்பணியாளர், தம் தோழர்களுடன் வட திருநெல்வேலியில் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று போதிக்கும் முறையைத் தொடங்கினார். அவர் 1858இல் சிவகாசியில் காலமானார்.

குருக்கள் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில், ஒரு குரு தம் பொறுப்பிலிருந்த ஊர் ஒன்றுக்கு ஆண்டில் சில நாட்களே வர இயன்றது. மற்ற நாட்களில் செபம் சொல்லித் தருவதும், மறைக்கல்வி புகட்டுவதும், இறப்பு நேர்ந்த வீட்டில் வேண்டுவதும் உபதேசியார்களின் பணியாக இருந்தன. இவர்களுக்கு வழிகாட்டும் பொருட்டே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். மக்களில் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர்கள். ஆகவே நற்செய்தி அவர்களுக்குக் காதால் கேட்ட கதையாகவே நெடுங்காலம் இருந்தது.

கேட்டலிலிருந்து பகிர்தலுக்கு

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் அச்சேறின. சீர்திருத்தச் சபைகளில் இதன் பின்னர் வேதாகமத்தைத் தமிழில் வாசிக்கும் பழக்கம் வளர்ந்தது. கத்தோலிக்கர் நடுவில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தமையால், தாய்மொழியில் நற்செய்தியைக் கேட்க வேறு வழிகள் தேவைப்பட்டன. இலங்கையில் பணியாற்றிய கோவா நாட்டவரான யாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742) எழுதிய சுவிசேஷ விரித்துரை, வியாகுல பிரசங்கம் ஆகிய தமிழ் நூல்கள் இத்தேவையை நிறைவு செய்ய முயன்றவை. வியாகுல பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் நூலாக நிலைபெற்றது. எனினும் ஒருவர் வாசிக்க மற்றோர் கேட்டு உருகுவதே அவ்வழக்கம்; கேட்டோர் தம் கருத்தைக் கூறுவதற்கு அதில் இடம் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், நம்பிக்கை கொண்டோர் அனைவருக்கும் மறைநூல் எளிதில் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தது. 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பழைய மொழிபெயர்ப்புகளில் சுவிசேஷம் எனப்பட்டது இதில் நற்செய்தி எனப்படுகிறது.

அன்பியமும் ஏழு படிகளும்

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில், அருகருகே வாழும் குடும்பங்களைக் கொண்ட சிறு குழு அன்பியம் எனப்படும். அன்பியக் கூட்டம் பொதுவாக உறுப்பினர் வீடுகளில் மாறி மாறி நடைபெறுகிறது. இக்கூட்டங்களில் பயன்படும் நற்செய்திப் பகிர்வு முறைகளுள் பரவலாக அறியப்பட்டது ஏழு படி முறை ஆகும். இது தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, அனைவரும் பங்கேற்கும் திருச்சபையை வலியுறுத்தியது. அதன் பின் இம்முறை ஆசிய நாடுகளில் மேலும் பரவியது.

அதன் படிகள் பின்வருமாறு:

1. ஒருவர் எளிய வேண்டலால் இறைவனைக் கூட்டத்திற்கு அழைத்தல்.
2. குறிக்கப்பட்ட பகுதியை உரக்க வாசித்தல்.
3. மனத்தைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் எடுத்து மும்முறை சொல்லுதல்.
4. சில நிமிடங்கள் அமைதி காத்தல்.
5. தம் உள்ளத்தில் கேட்டதைப் பிறரோடு பகிர்தல்.
6. குழுவாகச் செய்ய வேண்டிய ஒரு செயலை முடிவு செய்தல்.
7. தம் சொந்தச் சொற்களில் வேண்டி முடித்தல்.

மூன்றாம் படி எழுத்தறியாதவருக்கும் இடமளிக்கிறது. நூலைக் கையில் எடுக்காமலே, செவியில் விழுந்த ஒரு சொல்லை எவரும் சொல்ல இயலும். ஐந்தாம் படியில் ஒருவர் கூறியதை மற்றவர் மறுப்பதோ திருத்துவதோ கூடாது. வாதத்தில் வல்லவரே கூட்டத்தை நடத்திச் செல்வதை இவ்விதி தடுக்கிறது. ஆறாம் படி இல்லையேல் கூட்டம் வெறும் உரையாடலாக நின்றுவிடும்.

கரிசல் வாழ்வும் தவக்கால வாசகங்களும்

கோவில்பட்டி வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, மிளகாய் முதலியன இங்கு விளைகின்றன. வேளாண்மையோடு தீப்பெட்டித் தொழிலும், சிவகாசி, சாத்தூர் பகுதிகளின் பட்டாசுத் தொழிலும் மக்களுக்கு வேலை தருகின்றன. தவக்காலம் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை பெரும்பாலும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கி, கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். தவக்கால வாசகங்கள் பல இவ்வாழ்வோடு நெருக்கமானவை.

இரண்டாம் ஆண்டின் ஐந்தாம் ஞாயிறு வாசகம் (யோவான் 12), மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றியது. கரிசல் நிலத்தில் முன்பருவ விதைப்பு என்றொரு முறை உண்டு. மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பர். போதிய மழை பெய்தால் விதை முளைக்கும், பெய்யாவிடில் விதையும் உழைப்பும் வீணாகும். இம்முறையை அறிந்தவருக்கு அவ்வாசகம் கவிதை உவமை மட்டும் அன்று. வீட்டில் உண்ணவோ விற்கவோ இருந்த தானியத்தை நிலத்திற்குக் கொடுத்துவிடும் துணிவும் அதில் தெரியும்.

மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு வாசகத்தில் (லூக்கா 13:1-9) சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் குறிப்பிடப்படுகின்றனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்று விடையளிக்கிறார். கேட்போர் மனம் மாற வேண்டும் என்றும் கூறுகிறார். கரிசல் வட்டாரத்தில் இது ஏட்டளவிலான கேள்வி அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் ஏறத்தாழ 20 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் திருநீற்றுப் புதன் ஐந்து நாட்களுக்குப் பின் வந்தது. மேற்கூறிய லூக்கா வாசகம் அடுத்த ஆண்டு 2022 மார்ச் 20 அன்று முறைப்படி வந்தது. இறந்தவரின் விதி அல்லது பாவம் என்று கூறி விபத்தை மறந்துவிடும் போக்கை அவ்வாசகம் ஏற்கவில்லை. மாண்டவர் மீது பழி போடாமல், உயிரோடிருப்போர் மாற்ற வேண்டியது என்ன என்ற கேள்விக்கு அது அழைத்துச் செல்கிறது. அதே வாசகத்தின் பிற்பகுதியில், காய்க்காத அத்திமரத்தை வெட்டாமல் கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு தவணை கேட்கும் தோட்டத் தொழிலாளர் வருகிறார்.

சமாரியப் பெண்ணின் வாசகம் நண்பகல் வெயிலில், கிணற்றடியில் நிகழ்கிறது. யூதர்கள் சமாரியரோடு பழகுவதில்லை. ஆதலால் தன்னிடம் இயேசு தண்ணீர் கேட்பது அப்பெண்ணுக்கு வியப்பளிக்கிறது. குடிநீருக்காகக் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்த பெண்களும், தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையைக் கண்டவர்களும் இவ்வியப்பின் காரணத்தை விளக்கமின்றி அறிவர்.

சிக்கல்கள்

அன்பியங்கள் இருப்பிடத்தின் அடிப்படையில் அமைகின்றன. ஆனால் தமிழகக் கிராமங்களில் தெருக்களே சாதி வாரியாகப் பிரிந்துள்ளன. இதனால் ஒரு தெருவின் குழு பல இடங்களில் ஒரே சாதியினரின் குழுவாக அமைந்துவிடுகிறது. அதில் அனைவரும் மனம் திறந்து பேசினாலும், கிணற்றடியில் இயேசு கடந்த எல்லை கடக்கப்படாமலே இருக்கும். வழிபாட்டிலும் சாதிப் பிரிவினை இருந்ததற்குத் திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் சான்றாகும். அங்கு 19ஆம் நூற்றாண்டில் சாதிகளைத் தனித்தனியே அமர்த்தும் வகையில் கோவிலே கட்டப்பட்டிருந்தது. பிரிவுச் சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. தெருக்களைக் கலந்து குழு அமைப்பதும், ஒரு தெருவினர் மற்றொரு தெருவின் வீட்டில் கூடுவதும் இக்குறையைக் குறைக்கும் வழிகள்.

நேரம் மற்றொரு சிக்கல். பகல் முழுதும் ஆலையிலோ காட்டிலோ உழைத்துத் திரும்பும் பெண்களுக்கு, சமையலுக்கும் உறக்கத்திற்கும் இடையில்தான் ஓய்வு கிடைக்கிறது. எனவே இரவுக் கூட்டம் நீளும்போது வருகை குறையும். மேலும் குருவோ மறைக்கல்வி ஆசிரியரோ உடனிருந்தால், சரியான விடை எது என்று அவர் முகத்தைப் பார்ப்பது இயல்பு. அப்போது பகிர்வு மீண்டும் மறையுரையாக மாறிவிடும்.

பிற நாடுகளில்

1968இல் கொலம்பியாவின் மெடெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அடித்தளக் கிறித்தவச் சமூகங்களை ஆதரித்தனர். நிகராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் எர்னெஸ்டோ கார்டினல் என்னும் குருவும் கவிஞருமானவர், உழவரும் மீனவரும் ஞாயிறு நற்செய்தியைப் பற்றிக் கூறிய கருத்துகளைத் தொகுத்து நூலாக்கினார். அம்மக்கள் வறுமையையும் அடக்குமுறையையும் நேரடியாகப் பேசினர். தனியாக வாசிப்போருக்கு, 12ஆம் நூற்றாண்டின் துறவி இரண்டாம் குய்கோ வகுத்த வாசித்தல், தியானித்தல், வேண்டல், ஆழ்நிலை இறைவேண்டல் என்னும் நான்கு படிகளும் இன்று பயன்படுகின்றன.

சமாரியப் பெண்ணின் வரலாறு, ஊரார் அவளிடம் கூறும் சொற்களுடன் முடிகிறது. இனி அவள் சொன்னதற்காக அன்று, தாங்களே கேட்டறிந்ததால் நம்புவதாக அவர்கள் கூறுகின்றனர் (யோவான் 4:42). உபதேசியார் சொல்லக் கேட்ட தலைமுறைகளுக்குப் பின், கரிசல் ஊர்களில் மக்கள் தாமே வாசித்துத் தாமே பேசும் இவ்வழக்கத்தின் நோக்கமும் அதுவே ஆகும்.